சட்டைக் கையில் ஒரு கட்டுமரம்

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்துவிடுவாள். புது ஏர், புது முறம், புது அரிக்கேன் விளக்கு, எதற்கும் விலக்கில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிவந்த முதல் சிலேட்டுக்கும் வைத்தாள். அதன்மேல் நான் எழுதிய முதல் எழுத்து வழுக்கிக்கொண்டு போனது. அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதியதில்லை என்பதால், எழுத்தென்றால் வழுக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, செங்கல்பட்டில் எங்கள் பெண்கள் பள்ளியில் கேடட் படை தொடங்கினார்கள். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. இருபத்துநான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. வெள்ளைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, காக்கிச் சாயம் போட்ட தாவணி, அதற்குமேல் ஒரு பெல்ட். துப்பாக்கி கிடையாது, ஆளுக்கொரு மூங்கில் கழி. அந்தக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால், பாகிஸ்தான், சீனா இரண்டு எல்லையையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

எனக்கு நடையைவிடச் சின்னங்கள்தான் பைத்தியம். தொப்பியில் குத்த ஒரு பித்தளை வில்லை சென்னையிலிருந்து வந்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, என் முகம் தெரிகிறதா என்று பார்ப்பேன். கையில் ஒரு பட்டை போட்டால் ஒரு பதவி, இரண்டு பட்டை போட்டால் அதற்கு மேல். அந்தப் பட்டைகளின் வடிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் வேடந்தாங்கலுக்குப் போகும் பறவைக் கூட்டம் நினைவுக்கு வரும். ஒரு துண்டுத் துணியை இப்படித் திருப்பித் தைத்தால் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சல்யூட் அடிக்கவேண்டும் என்பது எனக்கு மந்திரவித்தையாகவே இருந்தது.

ஒருநாள் டிரில் டீச்சர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். ஒவ்வொரு பள்ளியும் சட்டையின் வலது கையில் தைத்துக்கொள்ளத் தனக்கென்று ஒரு சின்னம் வரைந்து அனுப்பலாம். மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. சாமி படம் கூடாது, கட்சி அடையாளம் கூடாது. ஊரைக் காட்டவேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் அர்த்தம் எழுதவேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்குள். மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் சின்னத்தைப் பிரித்தெறிந்துவிட்டு வெறும் எண்ணைத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எண்ணா? நாம இன்னா கைதிங்களா?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

அன்றிலிருந்து வகுப்பில் பாடமே நடக்கவில்லை. ஒருத்தி சிங்கம் என்றாள். "செங்கல்பட்டுல சிங்கத்த எங்கடி பாத்த?" என்று இன்னொருத்தி மடக்கினாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண், ஜங்ஷன் ஊர் என்பதால் ரயில் இன்ஜின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். புகையை எந்த நிறத்தில் தைப்பது என்று அரைநாள் சண்டை. நான் எதிலும் கலந்துகொள்ளவில்லை. என் சின்னம் எங்கிருந்தாவது தானாக வந்து என் முன்னால் நிற்கும் என்று நிச்சயமாக நம்பியிருந்தேன்.

வந்தும் நின்றது. பயிற்சி நடைக்காக எங்களை மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். கடற்கரைக் கோயிலைத் தாண்டி மணலில் கால் புதையப் புதைய லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டிருந்தபோது, மீனவர் குப்பத்தை ஒட்டி நான் அதைப் பார்த்தேன். நீண்ட மரங்கள் ஐந்து, மணல்மேல் விசிறிபோல் விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முனையும் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. வெயில் பட்டு அவை பழுப்பாகப் பளபளத்தன. கை விரல்கள் ஐந்தையும் விரித்து யாரோ வானத்தைப் பார்த்து "இதோ" என்று சொல்வதுபோல இருந்தது. எனக்குள் மணி அடித்தது. டீச்சர் "அபௌட் டர்ன்" என்றார். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் கடலைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தேன், பாவாடை நனையும்வரை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திருவிடந்தைப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்பவள். அவள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். என்னைப்போலவே அவளும் தன் வீட்டில் முதலில் படிக்க வந்தவள். அவளிடம்தான் நான் விளக்கினேன்:

"அதுக்குப் பேரு கட்டுமரம். அத்தத் தண்ணில வுட்டா மெதக்கும். அதுல ஏறித்தான் மீன் புடிப்பாங்க."

"அப்டியா?" என்றாள்.

வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பஸ் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே வரைந்துவிட்டேன். வெள்ளை வட்டம். அடியில் ஒரு நீல அலை. அதன்மேல் விசிறியாக விரிந்த ஐந்து பழுப்பு மரங்கள். மூன்றே நிறம். வெள்ளை என்றால் ஒழுக்கம், நீலம் என்றால் கடலும் எங்கள் ஏரியும், பழுப்பு என்றால் உழைப்பு. ஐந்து மரங்கள் சேர்ந்தால்தான் ஒரு கட்டுமரம்; அதனால் ஒற்றுமை. கீழே ஒரு வாசகமும் எழுதினேன்: 'ஒன்றுபட்டு மிதப்போம்.'

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவிடம் காட்டினேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். முதலில் தலைகீழாகப் பார்த்தார், பிறகு நேராகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா கீது. இன்னா இது, வெறகா? கட்டு அவுந்து செதறிக் கெடக்குறாப்ல கீதே."

படிக்காத மனிதர், கலையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று பரிதாபப்பட்டேன். அந்தப் பரிதாபத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

பள்ளியில் என் சின்னம் ரயில் இன்ஜினைத் தோற்கடித்தது. தையல் வகுப்பில் இருபத்துநான்கு பேரும் உட்கார்ந்து, ஆளுக்கொன்றாக வட்டம் வெட்டி, நூல் கோத்துத் தைத்தோம். ஒன்று கூடுதலாகவும் தைத்து வைத்தோம். நான் பெஞ்சு பெஞ்சாகப் போய், "அந்த மரத்தை இன்னும் கொஞ்சம் விரிச்சுத் தைடி, ஒற்றுமை நல்லாத் தெரியணும்" என்று மேற்பார்வை செய்தேன். திருவிடந்தைப் பெண்ணின் வேலைதான் எல்லோருடையதையும்விட நேர்த்தி. தைத்துக்கொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நூலு கூசுது."

அதிகாரி வரும் நாளில் பெற்றோர்களும் வரலாம் என்றார்கள். படையின் கொடியை நான் பிடித்து முன்னால் நிற்கவேண்டும். அதிகாரி கேட்டதும் சின்னத்தின் அர்த்தத்தை நானே சொல்லவேண்டும். நைனா வயல் வேலையை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரப்போவது அதுதான் முதல் தடவை. ஊரில் கண்டவர்களிடமெல்லாம், "என் பொண்ணு போட்ட படத்த பட்டாளம் எடுத்துகினு போவுது" என்று சொல்லிவைத்திருந்தார்.

முதல் நாள் மதியம் ஒத்திகை முடிந்தது. நான் வேப்பமரத்தடியில் நின்று என் ஒரு பக்கத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தேன். 'ஒற்றுமை' என்ற இடத்துக்கு வந்ததும் திருவிடந்தைப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போதும்டி, என்னால முடியல. எங்கம்மா வேற நாளைக்கு வர்றா. அவ பாத்தா இன்னா ஆவும்னு நெனச்சு நெனச்சு ரெண்டு நாளா சோறு எறங்கல."

"எதப் பாத்தா?"

"அது கட்டுமரமே இல்லடி. கட்டு அவுத்த மரம். கடலுக்குப் போய்ட்டு வந்தா கயிற அவுத்து ஒவ்வொரு மரமா இழுத்துப் போட்டு வெச்சிருவாங்க. அதப் போயி நீ ஒத்தும ஒத்துமன்னுகினு கீற. அத்தக் கடல்ல வுட்டா அஞ்சும் அஞ்சு ஊருக்குப் போவும்."

இருபத்துநான்கு சட்டைகளிலும் ஒற்றுமை என்ற பெயரில் ஒரு பிரிவினையைத் தைத்து வைத்திருக்கிறோம். மேற்பார்வை செய்து இன்னும் விரிக்கச் சொன்னவள் வேறு நான்.

"ஏன்டி முன்னாலேயே சொல்லல?"

"நீ கேட்டியா? கட்டுமரம்னா மெதக்கும்னு எனக்கே பாடம் எடுத்த. உங்க ஊருல இது எப்டின்னு ஒரு வாட்டி கேட்டியா?"

கேட்கவில்லை.

"எங்கம்மா சிரிச்சா கோவளம் வரிக்கும் கேக்கும்" என்று அவள் வேறு எண்ணெய் ஊற்றினாள்.

கூடுதலாக வைத்திருந்த சின்னத்தை எடுத்துவந்தோம். மரங்கள் சேரும் அடிப்பக்கத்தில் பழுப்பு நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கயிறு போட்டுப் பார்த்தோம். தூரத்தில் வைத்துப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"தொடப்பம்" என்றாள்.

அச்சு அசலாகத் துடைப்பம். 'ஒன்றுபட்டு மிதப்போம்' என்பதற்குப் பதில் 'ஒன்றுபட்டுப் பெருக்குவோம்' என்று எழுதினால் பொருந்தும் என்றேன். அவ்வளவுதான், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். எனக்கு அழுகையும் கூடவே வந்தது. எது எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

டிரில் டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இருபத்துநாலு சட்டைய இன்னைக்குப் பிரிக்க முடியுமா? அந்தம்மா மெட்ராஸ்ல இருந்து வராங்க. அவங்களுக்குக் கட்டுமரம் தெரியவா போகுது? நீ பாட்டுக்கு ஒப்பிச்சுட்டு வந்துடு."

சட்டையை எடுத்துக்கொண்டு நாலு மைல் நடந்து வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் தணல் எடுத்து இஸ்திரி போடலாம் என்று சட்டையை மணைமேல் விரித்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சின்னத்தின் வெள்ளையில், ஐந்து மரங்களுக்கும் நேர் மேலே, நெற்றியில் வைப்பதுபோல அழகாக மஞ்சள் தடவி, அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தாள்.

"அம்மா!"

"இன்னாடி? புதுசாச்சே. நாளைக்குப் போட்டுகினு சபையில நிக்கப்போற. வெறுமன எப்டி அனுப்புறது?"

பிடுங்கிக்கொண்டு ஓடிச் சோப்புப் போட்டுக் கசக்கினேன். சோப்புப் பட்டதும் மஞ்சளும் சிவந்துபோனது. குங்குமத்தோடு அது சேர்ந்துகொண்டு, மிளகளவு இருந்தது சுண்டைக்காய் அளவு ஆனது. கசக்கக் கசக்க அந்தப் பொட்டு வட்டமாக, நேர்த்தியாக, வேண்டுமென்றே தைத்ததுபோல் நிலைத்துவிட்டது. மரமும் தப்பு, நிறமும் இப்போது நாலு. ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்து, காத்து கறுப்பு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

மறுநாள் காலை மைதானத்தில் கயிறு கட்டி அதற்கு அப்பால் பெற்றோர்களை நிறுத்தியிருந்தார்கள். நைனா வெள்ளை வேட்டியோடு முதல் வரிசையில் நின்றார். அம்மா அவர் பின்னால் நின்றாள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உருவம், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி, இடுப்பில் கை. திருவிடந்தைப் பெண்ணின் அம்மா என்று யாரும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அதிகாரி உயரமான ஒரு பெண்மணி. காக்கிப் புடவை, கையில் சின்னதாக ஒரு பிரம்பு.

கொடியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பின்னால் இருபத்துமூன்று பேரின் கால் சத்தம். கயிற்றுக்குப் பக்கமாகப் படை திரும்பியது. எங்கள் வலது கைகள் எல்லாம் பெற்றோர்கள் பக்கம் வந்தன.

"அடியே!" என்று ஒரு குரல் எழுந்தது. "கட்ட அவுத்துட்டு எங்கடி போறீங்க எல்லாரும்?"

அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அவள் மகள் பொய் சொல்லவில்லை. மாமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. வரிசையில் முதலில் ஒருத்தி மூக்கால் சீறினாள், அது அடுத்தவளுக்குத் தொற்றியது, அதற்குள் லெஃப்ட் யாருக்கு ரைட் யாருக்கு என்று தெரியாமல் படை முழுவதும் குலுங்கிக்கொண்டு நடந்தது. டிரில் டீச்சரின் முகம் செங்கல் நிறமானது. கொடி என் கையில் காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஹால்ட்" என்றார் அதிகாரி. நேராக என்னிடம் வந்தார். "சின்னத்தின் அர்த்தம் சொல்."

வெள்ளை சொன்னேன். நீலம் சொன்னேன். பழுப்பு சொன்னேன்.

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, "எங்களை வாழ்த்தினார்கள், மேடம்." அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விறகுக் கட்டு அவிழ்ந்து கிடக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொன்ன மனிதர்.

"கட்டு அவிழ்ந்த கட்டுமரம்னு சொன்னாங்க, மேடம். அதுதான் சரி. எனக்குத் தெரியாம வரைஞ்சுட்டேன்."

அதிகாரி கயிற்றுக்கு அப்பால் நின்ற அந்த அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா எப்படிக் கட்டணும்?"

"எனக்குத் தெரியாது, மேடம்." பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. வாயிலிருந்து வெளியே வந்ததும் ஏதோ பெல்ட்டைத் தளர்த்தியதுபோல் இருந்தது. "அவளுக்குத் தெரியும்" என்று திரும்பிக் காட்டினேன்.

திருவிடந்தைப் பெண் ஓரடி முன்னால் வந்து தரை அதிர ஒரு சல்யூட் அடித்தாள். "கழி அஞ்சு வேணும், மேடம். கயிறும்."

ஐந்து பெண்கள் கழிகளைக் கொடுத்தார்கள். கயிற்றுக்கு எங்கே போவது? அவள் என்னைப் பார்த்தாள். நான் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் இரண்டு ரிப்பன்களையும் அவிழ்த்துக் கொடுத்தேன். சடை இரண்டும் பிரிந்து முகத்தில் விழுந்தன. அவள் மண்டியிட்டாள். ஒரு கழியை நடுவில் வைத்தாள், இருபுறமும் இரண்டிரண்டாகச் சேர்த்தாள்.

"நடு மரந்தான் மொதல்ல, மேடம். அது இல்லாம ஒண்ணும் நிக்காது."

"இறுக்கிக் கட்டுடி!" கயிற்றுக்கு அப்பாலிருந்து அவள் அம்மா கத்தினாள். "இன்னா முடி போடுற நீ? பூவா கட்டுற?"

"நீ சும்மா கெட!"

"அப்பன் பாத்தா தலைல அடிச்சுக்குவான்!"

அதிகாரி பிரம்பால் வாயை மறைத்துக்கொண்டார். ரிப்பன் முனையிலும் அடியிலும் இறுகியது. ஐந்து கழிகளும் ஒரே உடம்பாக எழுந்து நின்றன. அதிகாரி அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை.

"கரைக்கு வந்ததும் ஏன் அவிழ்க்கிறாங்க?"

"மரம் தண்ணி குடிச்சிருக்கும், மேடம். காஞ்சாத்தான் மறுநாளு லேசா மெதக்கும். காயாமக் கட்டினா ஆளோட அமுங்கும்."

அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "மாதிரிக்கு ஒரு சின்னம் வேணும். சென்னையில முடிவு பண்ணுவோம்" என்றார். கூடுதலாக இருந்த ஒன்று துடைப்பமாகிவிட்டது. அதனால் என் சட்டைக் கையிலிருந்ததையே டீச்சர் நூலைக் கடித்துப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பொட்டை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என் அவிழ்ந்த தலைமுடிக்கு முன்னால் அது ஒரு பெரிய குற்றமாகத் தெரிந்திருக்காது.

நைனா வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெறகுன்னு நான் சொன்னது சரியாத்தானம்மா போச்சு?"

"சரிதான் நைனா."

அதன்பிறகு ஊர் எல்லை வரும்வரை மீசைக்குள் சிரித்துக்கொண்டே நடந்தார்.

இரண்டு மாதம் காத்திருந்தோம். வெறும் எண்தான் வரும் என்று ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் தினமும் ஆரூடம் சொன்னாள். நானும் திருவிடந்தைப் பெண்ணும் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலருகே கழி பயிற்சி செய்தோம். ஒருநாள் நீளமான உறை வந்தது. டீச்சர் பிரித்தார். உள்ளே கெட்டிக் காகிதத்தில், ஓவியர் ஒருவர் அளவெடுத்து வரைந்து சாயம் தீட்டிய சின்னம். மேலே 'அங்கீகரிக்கப்பட்டது' என்று முத்திரை.

வெள்ளை வட்டம். நீல அலை. விரிந்து கிடக்கும் ஐந்து மரங்கள். அவற்றுக்கு நேர் மேலே, கவராயம் வைத்துப் போட்டதுபோல், ஒரு சிவப்புப் பொட்டு.

டீச்சர் அர்த்தத்தை வாசித்தார். கட்டு அவிழ்ந்த ஐந்து மரங்கள்: மறுநாள் பயணத்துக்கு ஓய்விலும் ஆயத்தமாதல். செம்புள்ளி: வீரம். இதன்படியே இருபத்துநான்கு சட்டைகளிலும் தைக்கவேண்டியது. மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது என்ற விதி அவர்களுக்கே மறந்துபோயிருந்தது.

"இந்தச் செம்புள்ளி நம்ம படத்துல இருந்துச்சா?" என்று டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று அட்டென்ஷனில் நின்றேன். திருவிடந்தைப் பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை பஸ் எதுவும் ஓடவில்லை.

அந்த வாரம் இருபத்துநான்கு பெண்கள் சிவப்பு நூல் கோத்து, தங்கள் சட்டைக் கையில் என் அம்மாவின் பொட்டைத் தைத்தார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "நீ வெச்ச குங்குமத்துக்கு வீரம்னு அர்த்தமாம்மா. பட்டாளமே எழுதிக் குடுத்திருக்கு."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"குங்குமம் வெச்சிருக்காங்க, சரி. மஞ்சள் எங்கடி?"